இழையைப் பிள்ளைகள் எண்ணட்டும்

செட்டிநாட்டைவிட்டு வெளியூரிலும் வெளிநாட்டிலும் குடித்தனம் நடத்தும் எங்கள் பிள்ளைகளுக்கு,

காரைக்குடியிலிருந்து உங்கள் ஆச்சி எழுதுவது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருக்கிறது. வளவுக்குள் நாலு பக்கத் தாழ்வாரத்திலிருந்தும் தண்ணீர் கொட்டுகிறது. ஒரு காலத்தில் இந்த மழைக்கு அண்டா, குடம் எல்லாம் தூக்கிவந்து வைக்க வீடு நிறைய ஆள் இருந்தோம். இப்போது நானும் வேலைக்கு வரும் பொண்ணும்தான்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. பிள்ளையார் நோன்பு இந்த வருசம் கிறிஸ்துமஸை ஒட்டி வருகிறது, பாதிப் பேர் விடுமுறைக்கு வெளியூர் போகிறோம், அதனால் பொங்கலுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டபம் பிடித்து எல்லோரும் சேர்ந்து இழை எடுத்துக்கொள்ளலாம், மாவும் திரியும் ஆயத்தமாகவே கிடைக்கிறது, வீட்டில் யாரும் சிரமப்பட வேண்டாம் என்று. சரி சரி என்று எல்லோரும் கட்டைவிரல் போட்டுவிட்டீர்கள். எனக்கு விரல் நகரவில்லை. கோபம் ஒன்றும் இல்லை. நீங்கள் சேர்ந்து இருக்க ஆசைப்படுவது எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் ஒரு வரியில் பதில் சொல்கிற விஷயமாக இது எனக்குப் படவில்லை. அதனால்தான் இந்தக் கடுதாசி.

பேரன் பேத்திகளுக்கும் படித்துக் காட்டுவீர்கள் என்று முதலிலிருந்தே சொல்கிறேன். கார்த்திகை தீபத்திலிருந்து இருபத்தொரு நாள் கழித்து, மார்கழியில் சஷ்டித் திதியும் சதய நட்சத்திரமும் கூடுகிற நாளில் நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்பு. புது வேட்டியிலிருந்து உருவிய இருபத்தொரு நூலைச் சேர்த்துத் திரித்தால் ஒரு இழை. பச்சரிசி மாவில் வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிசைந்து, பிள்ளையார் மாதிரி கூம்பாகப் பிடித்து, உச்சியில் அந்த இழையை நெய்யில் நனைத்து வைத்து ஏற்றுவோம். வீட்டில் மூத்தவர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கையில் கொடுப்பார். எரிகிற சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். பொரி வகைகள், கருப்பட்டிப் பணியாரம், வடை எல்லாம் அதற்குப் பிறகுதான். நூலை ஒரே நாளில் மொத்தமாக உருவுகிற வீடுகளும் உண்டு. எங்கள் அப்பத்தா வீட்டு வழக்கம், தீபத்தன்று தொடங்கி நாளுக்கு ஒன்றாக உருவுவது.

ஏன் நூல் என்று கேட்டால் ஒரு கதை. வியாபாரத்துக்குப் போன நம்மவர்கள் கப்பல் புயலில் சிக்கியது. கரை தெரியவில்லை. எத்தனை நாள் ஆனது என்று கணக்கு வைக்க, நாளுக்கு ஒரு நூலாகக் கட்டியிருந்த வேட்டியிலிருந்து உருவி வைத்தார்கள். பிள்ளையாரை வேண்டிக்கொண்டார்கள். கரை சேர்ந்த அன்று எண்ணினால் இருபத்தொன்று. அந்த நூலையே திரியாக்கிக் கையிலிருந்த மாவில் ஏற்றிக் கும்பிட்டார்களாம். நமக்கு இந்த நோன்பு வீட்டில் பிறந்ததே இல்லை, பாருங்கள். வீடு எங்கேயோ இருக்க, நடுக்கடலில் பிறந்தது.

இந்தக் கதையின் அருமை எனக்கே அறுபது வயதுக்கு மேல், காரைக்குடிக்கு வெகு தூரத்தில்தான் புரிந்தது. 2024 நவம்பரில் மகளின் இரண்டாவது பிரசவத்துக்காக நியூஜெர்சி போனேன். ஆறு மாதம் இருந்தேன். அடுத்த வீட்டில் ஒரு யூதக் குடும்பம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். அவள் பள்ளிக்கூடத்து ஆசிரியை. அவளுடைய மூத்த பெண்ணும் என் பேத்தியும் ஒரே வகுப்பு.

வெள்ளிக்கிழமை வந்தால் அந்த வீட்டில் ஒரு வேகம் தெரியும். டிசம்பரில் அங்கே நாலரை மணிக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும். அவள் பள்ளியிலிருந்து ஓடி வருவாள். ஒருநாள் பேத்தியைக் கூட்டிவர நான் அங்கே போயிருந்தேன். அவள் போட்டிருந்த கோட்டைக் கழற்றக்கூட இல்லை. செல்போனை அணைத்து ஒரு டிராயரில் போட்டு மூடினாள். வெள்ளை விரிப்பு போட்ட மேசை. விரிப்பில் பழைய ஒயின் கறை, துவைத்துத் துவைத்து மங்கிப் போயிருந்தது. இரண்டு மெழுகுவத்தியை ஏற்றினாள். சுடருக்கு மேல் கையை மூன்று தரம் சுற்றி, கண்ணைப் பொத்திக்கொண்டு முணுமுணுத்தாள். கையை எடுத்தபோது முகமே வேறாக இருந்தது. அத்தனை நாள் அலுப்பும் கழன்று விழுந்த மாதிரி. அவர்களுக்கு நாள் என்பது அந்தியில் தொடங்குவது. வெள்ளி அந்தியிலிருந்து சனி இரவுவரை ஓய்வுநாள், சபாத். அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள், கார் எடுக்க மாட்டார்கள். நான்கு பேரும் ஒரே மேசையில் இருப்பார்கள். கோவிலுக்கும் போவார்கள்தான். ஆனால் நான் பார்த்தவரை அவர்களுடைய சாமி பாதி நேரம் சாப்பாட்டு மேசையில்தான் இருந்தது.

அந்த வருசம் அவர்களுடைய ஹனுக்கா, கிறிஸ்துமஸ் அன்று இரவு தொடங்கியது. எட்டு நாள் விளக்குத் திருநாள். இரண்டாயிரத்து நூறு வருசத்துக்கும் முன்னால், எருசலேம் கோவிலை எதிரிகளிடமிருந்து மீட்டுத் துப்புரவாக்கி விளக்கேற்றப் பார்த்தபோது, ஒரு நாளுக்கு ஆகிற எண்ணெய்தான் இருந்ததாம். அது எட்டு நாள் எரிந்ததாகச் சொல்வார்கள். அதன் நினைவாக முதல் நாள் ஒரு விளக்கு, இரண்டாம் நாள் இரண்டு, இப்படி எட்டுவரை. ஏற்றுவதற்கென்றே ஒன்பதாவதாக ஒரு விளக்கு. தெருவில் போகிறவர்கள் பார்க்கட்டும் என்று ஜன்னலில் வைப்பார்கள். எண்ணெயின் பண்டிகை என்பதால் எண்ணெய்ப் பலகாரம். அவள் வாணலியில் உருளைக்கிழங்கு அடை பொரித்தெடுத்ததைப் பார்த்து எனக்கு நம் பணியாரச் சட்டிதான் கண்ணில் நின்றது.

அந்த நேரம் நாங்கள் நூல் உருவுவதில் பாதியைத் தாண்டியிருந்தோம். இங்கிருந்து கொண்டுபோன புது வேட்டியைப் பேத்தி கையில் கொடுத்திருந்தேன். தினமும் குளித்துவிட்டு வந்து ஓரத்திலிருந்து ஒரு நூலை, அறுந்துவிடாமல், நாக்கைக் கடித்துக்கொண்டு மெள்ள மெள்ள உருவுவாள். வெற்றிலைப் பெட்டிக்குள் வைப்பாள். ஒரு சாயங்காலம் இரண்டு பெண்களும் படிக்கட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ‘எங்களுக்கு இன்றைக்கு மூன்று’ என்றது அந்தப் பெண். ‘எங்களுக்குப் பதினைந்து’ என்றது இது. எது பெரியது என்று போட்டி. இருவரும் நாளை எண்ணிக்கொண்டு நாளைக்குக் காத்திருந்தார்கள். பண்டிகை என்பது அந்த ஒரு நாள் மட்டும் என்று அதுவரை நினைத்திருந்தேன். காத்திருக்கிற நாட்களும் சேர்ந்துதான் பண்டிகை என்று அந்தப் படிக்கட்டில் தெரிந்துகொண்டேன்.

நோன்பன்று அடுத்த வீட்டு ஆசிரியை வாசலில் நின்று பார்த்தாள். எங்கள் சமையலை அவள் சாப்பிடவில்லை. அவர்கள் அடுக்களைக்கு ஆசாரம் அதிகம். எனக்கு அது வருத்தமாக இல்லை. என் அப்பத்தா அடுக்களையும் அப்படித்தான். மருமகன் வீட்டு மூத்தவராக நின்று இழை கொடுத்தார். மகளுக்கு இரண்டு கொடுத்தார். வயிற்றுப் பிள்ளைக்கும் ஒன்று உண்டே! ‘ஏன் அவளுக்கு மட்டும் இரண்டு?’ என்று அவள் மெதுவாகக் கேட்டாள். சொன்னேன். பிறக்காத பிள்ளையையும் கணக்கில் சேர்க்கிறீர்களா என்று கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வந்த சனிக்கிழமை இரவு எங்களை அழைத்தாள். வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்ததும் ஓய்வுநாளை வழியனுப்புவார்கள். அதற்கென்று ஒரு மெழுகுவத்தி. பல திரிகளைச் சடைபோல் பின்னியது. ‘உங்கள் திரியைப் பார்த்ததும் இதைக் காட்ட வேண்டும் என்று தோன்றியது’ என்றாள். அதை ஏற்றி, அந்த வெளிச்சத்தில் ஒவ்வொருவரும் விரலை மடக்கித் தங்கள் நகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். கிராம்பு போட்ட சின்ன வெள்ளிப் பெட்டி கைமாறியது. எல்லோரும் மோந்து பார்த்தோம். பிறகு தட்டில் சிந்திய ஒயினில் சுடரை அமிழ்த்தினார்கள். சுர்ரென்று அணைந்தது. வாரம் தொடங்கிவிட்டது.

தையில் பேரன் பிறந்தான். ஏப்ரல் 12 அவர்களுடைய பஸ்கா. எகிப்தில் அடிமையாக இருந்து விடுதலையான இரவை நினைத்துச் செய்யும் விருந்து. கைக்குழந்தையோடு எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். மாவு புளிக்கக்கூட நேரமில்லாமல் கிளம்பினார்களாம். அதனால் புளிப்பில்லாத அப்பம். அடிமைத்தனத்தின் கசப்புக்குக் காரக் கிழங்குத் துருவல், கண்ணீருக்கு உப்புத் தண்ணீர், செங்கல் வைத்துக் கட்டிய சாந்துக்கு ஆப்பிளும் கொட்டைப் பருப்பும் சேர்த்து அரைத்த விழுது. கதை முழுக்கத் தட்டில் இருந்தது. ஆனால் சாப்பிடுவதற்கு முன் வீட்டிலேயே சின்னப் பிள்ளை எழுந்து கேட்க வேண்டும்: இந்த ராத்திரி மட்டும் ஏன் இப்படி? அந்த வீட்டின் நாலு வயதுப் பையன் நாற்காலி மேல் நின்று கேட்டான். அவனுடைய தாத்தா பதில் சொன்னார். கேள்வி வரவில்லையென்றால் விருந்து நகராது. பெரியவர்கள் எல்லோருக்கும் பதில் தெரியும். ஆனாலும் கேட்கிற பிள்ளைக்காக ஒவ்வொரு வருசமும் முதலிலிருந்து சொல்கிறார்கள்.

திரும்பி வந்து படுத்தபோது பேத்தி என்னைத் தொட்டு, ‘ஆயா, நம்ம வீட்டுல யாரு கேப்பா?’ என்றாள்.

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அறுபது வருசம் இழை எடுத்திருக்கிறேன். ஒருவரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. அந்த ராத்திரி அவளுக்குக் கப்பல் கதையைச் சொன்னேன். பிறகு என் தாத்தாவின், நாங்கள் ஐயா என்று கூப்பிடுபவரின், கதையையும் சொன்னேன். உங்களில் பலருக்கு அது தெரியாது. அதனால் இங்கேயும் சொல்கிறேன்.

ஐயா ரங்கூனில் மொகல் தெருவில் ஒரு கடையில் அடுத்தாளாக இருந்தார். மூன்று வருசம் ஒரு கணக்கு. கணக்கு முடிந்தால்தான் ஊர். அந்தக் காலத்தில் பர்மாவில் நம்மவர் கடைகள் 1,650 இருந்ததாக 1930 வாக்கில் வந்த வங்கி விசாரணைக் குழு அறிக்கை சொல்கிறது. நம்மவர் சேர்ந்து தங்கும் கிட்டங்கியில் எல்லோரும் ஆண்பிள்ளைகள். ஆனாலும் தீபத்தன்று தொடங்கி நூல் உருவுவார்கள். 1941ல் கார்த்திகைப் பௌர்ணமியிலிருந்து எண்ணினால், நோன்பு டிசம்பர் 23ஐ ஒட்டித்தான் வருகிறது. அந்த டிசம்பர் 23 காலையில்தான் ஜப்பான் விமானங்கள் ரங்கூன்மேல் முதல் முறையாகக் குண்டு போட்டன. மாவு பிசைய யாருக்கு மனம் இருந்திருக்கும்! ஐயா இருபத்தொரு நூலையும் ஒன்றாகத் திரித்து மடியில் முடிந்துகொண்டார். அரக்கான் வழியாக நடையும் படகுமாகச் சிட்டகாங் வந்து, அங்கிருந்து கல்கத்தா, சென்னை, காரைக்குடி. வீடு வந்து சேர்ந்தது பங்குனியில். முகப்பில் கால் கழுவியதும் அப்பத்தாவிடம் அவர் கேட்டது, ‘மாவு இருக்கா?’ அன்றைக்குத் திதியும் பார்க்கவில்லை, நட்சத்திரமும் பார்க்கவில்லை. வியர்வையில் மஞ்சளாகிப்போன அந்த இழையை ஏற்றி அப்படியே வாயில் போட்டுக்கொண்டு, திண்ணையில் உட்கார்ந்து அழுதார் என்று அப்பத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஐயா கடைக்குச் சில தெருக்கள் தள்ளி 26ஆம் தெருவில் யூதர்களின் ஆலயம் ஒன்று உண்டு. 1890களில் கட்டியது, இன்றும் நிற்கிறது. பாக்தாதிலிருந்து வியாபாரத்துக்கு வந்து குடியேறியவர்கள். சண்டைக்கு முன் ஏறத்தாழ 2,500 பேர் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரும் நம்மவரைப் போலவே எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கல்கத்தாவுக்கு ஓடிவந்தார்கள். 1942 மார்ச் 8ல் ரங்கூன் விழுந்தது. ஏப்ரல் முதல் தேதி இரவு பஸ்கா. அதை எந்த வழியில், எந்தக் கூரையின் கீழ் கொண்டாடினார்களோ!

இந்தக் கதையைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொன்னபோது அவள் ஒன்று சொன்னாள். அவர்கள் வேதத்திலேயே இதற்கு வழி இருக்கிறதாம். பஸ்கா நாளில் தூரப் பயணத்தில் இருந்தவன், ஒரு மாதம் கழித்து அதே தேதியில் இரண்டாம் பஸ்கா கொண்டாடலாம். ‘உங்கள் தாத்தா செய்தது அதுதான்’ என்றாள்.

அதனால் பிள்ளைகளே, நாளைத் தள்ளி வைக்கிறீர்கள் என்று நான் குறை சொல்லப்போவதில்லை. தூரத்தில் இருப்பவனுக்கு நாள் தள்ளித்தான் வரும். என் கவலை வேறு. நூலை எண்ணாமல், மாவைப் பிசையாமல், கதையைச் சொல்லாமல் ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்குப் போய் வரிசையில் நின்று ஒரு இழையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு வந்தால், உங்கள் பிள்ளைகளுக்கு அதில் என்ன மிஞ்சும்?

ஊருக்குத் திரும்பிய பிறகு கொச்சிக்குப் போனேன், மட்டாஞ்சேரியைப் பார்க்க. 1568ல் கட்டிய பரதேசி யூதர் ஆலயம். தரை முழுக்கச் சீனத்திலிருந்து வந்த, கையால் வரைந்த நீலப் பூ ஓடு. நம் வீடுகளுக்கு ஜப்பான் ஓடும் பெல்ஜியம் கண்ணாடியும் கப்பலில் வந்ததுபோலத்தான். ஆயிரம் வருசத்துக்கு முன் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மர் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குக் கொடுத்த செப்பேடு நம் வட்டெழுத்தில் இருக்கிறது. அவ்வளவு பழைய உறவு. 1950களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். ஆலயம் இருக்கிற தெருவில் சாரா கோஹன் என்ற அம்மையார் பூத்தையல் கடை வைத்திருந்தார். 2019ல் தொண்ணூற்றாறு வயதில் காலமானார். கடைசிவரை அவரைத் தாயாகப் பார்த்துக்கொண்டவர் தாஹா இப்ராகிம் என்கிற முஸ்லிம் அன்பர். கடையையும் அவர்தான் காத்துவருகிறார்.

ஆலயத்துக்குள் நின்றபோது நம் வீடுகள் நினைவுக்கு வந்தன. பர்மாத் தேக்குத் தூண், பூட்டிய இரட்டை அறைகள், காவலுக்கு ஒரு ஆள். கட்டடம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கொச்சியைவிட்டுப் போன பெண்கள் ஒன்றைக் கூடவே எடுத்துப் போனார்கள். கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் பாடுகிற மலையாளப் பாட்டுகளைத் தலைமுறை தலைமுறையாக நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்திருந்தார்கள். அந்த நோட்டுகளும் பாட்டுகளும் இஸ்ரேலுக்குப் போயின. ஓட்டையும் தூணையும் தூக்கிக்கொண்டு போக முடியாது. பாட்டையும் நூலையும் கொண்டுபோகலாம்.

நாமும் அப்படிப் போனவர்கள்தான். காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து இங்கே வந்ததாகச் சொல்லிக்கொள்கிறோம். இங்கிருந்து கொழும்பு, பினாங்கு, சைகோன் என்று போனோம். இப்போது நீங்கள் டல்லாஸிலும் சிட்னியிலும் இருக்கிறீர்கள். ஒன்பது நகரக் கோவிலும் இங்கேதான் இருக்கும். பிள்ளையார்பட்டியை உங்களால் பெட்டியில் கட்டிக்கொண்டு போக முடியாது. பிள்ளையார் நோன்புக்கோ ஒரு வேட்டியும் ஒரு பிடி மாவும் போதும்.

நான் கேட்பது இவ்வளவுதான். மண்டபம் பிடியுங்கள், சேர்ந்து சாப்பிடுங்கள், தப்பில்லை. ஆனால் தீபத்தன்று தொடங்கி உங்கள் வீட்டில் உங்கள் பிள்ளை ஒரு நூல் உருவட்டும். விடுமுறைக்குப் போகிற ஊருக்கும் அந்த வேட்டியைக் கொண்டுபோங்கள். ஓட்டல் அறையில் உருவினாலும் அது நூல்தான். இருபத்தொன்றாம் நாளோ, ஊர் திரும்பிய பிறகோ, வீட்டில் உட்கார்ந்து, வாங்கின மாவாக இல்லாமல், பிள்ளைகள் கையில் நெய் ஒட்டும்படி மாவைப் பிசையுங்கள். இழை ஏற்றுவதற்கு முன், இருக்கிறதிலேயே சின்னப் பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள்: ‘இன்னைக்கு மட்டும் ஏன் நெருப்பைத் தின்கிறோம்?’ கப்பல் கதையைச் சொல்லுங்கள். ஐயா மடியில் முடிந்துவந்த நூலைச் சொல்லுங்கள். நீங்கள் முதல்முறை விமானம் ஏறிய கதையையும், முதல் வருசக் குளிரில் தனியாக இருந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதுவும் கடல் கடந்த கதைதானே.

நியூஜெர்சியிலிருந்து நான் கிளம்பிய அன்று, பக்கத்து வீட்டில் இன்னொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. பஸ்காவின் இரண்டாம் இரவிலிருந்து அடுத்த திருநாள்வரை நாற்பத்தொன்பது நாளை ஒவ்வொரு இரவும் வாய்விட்டு எண்ணுவார்கள். அந்தச் சின்னப் பெண் காருக்குப் பக்கத்தில் வந்து, அன்றைக்கு எத்தனையாவது நாள் என்று என்னிடம் சொல்லிவிட்டு, ‘உங்களுக்கு மறுபடி எப்போது?’ என்று கேட்டாள். கார்த்திகையில் என்றேன். என் பேத்தி அவளுக்கு விரல்விட்டு மாதத்தை எண்ணிக் காட்டினாள்.

இந்தக் கடுதாசியோடு குடும்பப் புள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒரு புது வேட்டி அனுப்புகிறேன். காரைக்குடிக் கடையில் நானே போய் எடுத்தது. ஓரத்தில் ஒரு நூல் தளர்ந்திருக்கும். பிள்ளைகளின் சின்ன விரலுக்குப் பிடி கிடைக்கட்டும் என்று நான்தான் தளர்த்தி வைத்தேன். தீபத்தன்று அதை உருவச் சொல்லுங்கள்.

இங்கே வளவில் நானும் அன்றைக்கு ஒன்று உருவுவேன்.

அன்புடன்,
உங்கள் ஆச்சி
காரைக்குடி